நம்ம ஊரு டிடி (டேபிள் டென்னிஸ்) பிளேயருக்கு பாராட்டு விழா எடுக்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம்னு எந்த ஊரு எடுத்தாலும் டேபிள் டென்னிஸ் ஆடி பேர் வாங்குன ஒரு சீனியர் இருப்பாரு. பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரா இருக்கலாம், ரயில்வேயா இருக்கலாம், பெல் கம்பெனி ஆளா இருக்கலாம், காலேஜ் பி.டி. மாஸ்டரா இருக்கலாம், இன்னிக்கும் சாயங்காலம் ஆனா பேட்டைத் தூக்கினு கிளப்புக்கு வந்து இருபது வயசு பசங்களை பந்தை அடியில அறுத்து விடற வெறும் சாப் ஆடியே மூச்சு வாங்க வெச்சுட்டுப் போவாரு. அவருக்கு அறுபது ஆகுது, இல்ல ரிட்டயர் ஆகுறாரு, இல்ல கோச்சிங்கை நிறுத்திக்கிறேன்றாரு, உடனே பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு விழா எடுக்கலாம்டான்னு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுடுவாங்க.

அதுக்கப்புறம் நடக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கல்யாண மண்டபம், பொன்னாடை, ஷீல்டு, சிறப்பு விருந்தினர் முக்கா மணி நேரம் பேசுவாரு, அதுல பாதி அவரு ஸ்கூல்ல கபடி ஆடுன கதை, கடைசில விழா நாயகர் கையில மைக்கைக் குடுத்து "சார் ரெண்டு வார்த்தை, சாப்பாடு ஆறிடும்"பாங்க. வந்தவங்க சாப்ட்டுப் போவாங்க, ஆனா அந்த மனுஷன் ஃபோர்ஹேண்ட் ஆட்டக்காரரா பேக்ஹேண்ட் ஆட்டக்காரரா, யாரை ஜெயிச்சாரு, எந்த வருஷம் உச்சத்துல இருந்தாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. என் கட்சி இன்னான்னா, விழாக்கு வந்த ஒரு எட்டாங்கிளாஸ் பையன் வெளில போறப்ப "இவரு இப்டி ஆடுவாராம், இன்னாரை இப்டி ஜெயிச்சாராம்"னு வீட்ல சொல்ற மாதிரி இருக்கணும், அது நடக்கலன்னா பொன்னாடைக்குப் போட்ட காசு தண்டம்.

முதல் வேலை மண்டபம் புக் பண்றது இல்ல, அவரோட உக்காந்து பேசறது. விழாக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. போன்ல ரெக்கார்டரைப் போட்டுட்டு "சார், எப்டி ஆரம்பிச்சீங்க"ன்னு கேட்டா ரெண்டு வரில முடிச்சுடுவாரு, அந்தக் காலத்து ஆளுங்க தன்னைப் பத்தி பேச கூச்சப்படுவாங்க. அதுக்கு பதிலா "சார் உங்க ஃபர்ஸ்ட் பேட் இன்னா ரப்பர், எந்த டேபிள்ல ஆடுனீங்க, அந்த வருஷம் டிஸ்ட்ரிக்ட்ல உங்களை அடிக்கறவர் யாரு, யாரோட சர்வீஸைப் பாத்தா பயம்"னு பொருளையும் எதிராளியையும் பத்திக் கேளுங்க, அப்ப பாருங்க, மணிக்கணக்கா வரும். கூடவே அவரோட பழைய டபுள்ஸ் பார்ட்னர் உயிரோட இருந்தா அவரையும் அன்னிக்கே கூட்டினு வந்துடுங்க, ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் எடுத்துக் குடுப்பாரு, சண்டையும் போட்டுக்குவாங்க, அந்த சண்டையில வர்ற தகவல்தான் சரியான தகவல்.

அடுத்தது சர்டிஃபிகேட். இதுல நம்ம ஏரியாக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. பழைய சர்டிஃபிகேட்ல "வட ஆற்காடு மாவட்டம்"னு இருக்கும், 1989-ல அதை வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர்னு ரெண்டா பிரிச்சாங்க, அப்புறம் வேலூர் மாவட்டம்னு ஆச்சு, 2019-ல வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணு துண்டாச்சு. அதனால 1985-ல ஒருத்தர் டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்னா திருவண்ணாமலை, ஆரணி, செய்யாறு ஆளுங்களையும் சேர்த்து அடிச்சு வந்தவர்னு அர்த்தம், இன்னிக்கு இருக்கற மாவட்டத்தை மனசுல வெச்சு அதை சின்னதா நினைச்சுடாதீங்க. அழைப்பிதழ் அனுப்புறப்பவும் இதை ஞாபகம் வெச்சுக்கங்க, அவரு கூட ஆடுன பாதிப் பேரு இப்ப வேற மாவட்டத்துக்காரங்க ஆயிருப்பாங்க.

விழா நாயகர் லேடி பிளேயர்னா இன்னும் ஒரு முடிச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல், பழைய பேப்பர்ல தேடுனா ரெண்டு வேற வேற ஆளு மாதிரி இருக்கும். ரெண்டு பேர்லயும் தேடுங்க. நம்ம பக்கம் லேடி பிளேயருக்கு விழா எடுத்ததா கேள்விப்படறதே அபூர்வம், கல்யாணத்தோட ஆட்டத்தை விட்டுட்டாங்க அவ்ளோதானேன்னு விட்டுடறாங்க, இந்தியாவுல இந்து புரி எட்டு தடவை நேஷனல் சிங்கிள்ஸ் சாம்பியன், மனிகா பத்ரா 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்ல சிங்கிள்ஸ் தங்கம், அப்டி இருக்கற ஆட்டத்துல நம்ம ஊர்ல மட்டும் பொண்ணுங்க ஆடலையா இன்னா. தேடுனா கிடைப்பாங்க, பல பேர் இப்ப ஏதாவது ஸ்கூல்ல டீச்சரா இருப்பாங்க.

தகவல் சேர்த்தப்புறம் அதை அப்டியே லிஸ்ட்டா போட்டா யாருக்கும் புரியாது, ஏன்னா டிடில ரூல் அடிக்கடி மாறியிருக்கு. இதை ஒரு பெரிய சார்ட்டா ஹால் வாசல்லயே ஒட்டணும், என்னைக் கேட்டா விழாவுல மேடையை விட இதுதான் முக்கியம். 80கள்ல பேட்டோட ரெண்டு பக்கமும் ஒரே கலர் ரப்பர் ஒட்டி ஆடுவாங்க, ஒரு பக்கம் நல்லா ஸ்பின் பிடிக்கும், இன்னொரு பக்கம் ஸ்பின்னே பிடிக்காத ஆன்ட்டி ஸ்பின் ரப்பர், பேட்டை விரல்லயே திருப்பி திருப்பி ஆடுனா எதிராளிக்கு எந்தப் பக்கத்துல பட்டுச்சுன்னே தெரியாது, சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிப்பாங்கன்னு காலை ஓங்கித் தரையில மிதிச்சு அதையும் மறைச்சாங்க. அதனாலதான் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் கறுப்புன்னு ரூல் வந்துச்சு. 2000-ல பந்து 38 மில்லிமீட்டர்ல இருந்து 40 ஆச்சு, வேகமும் ஸ்பின்னும் குறைஞ்சுச்சு. 2001-ல 21 பாயிண்ட் கேம் போய் 11 ஆச்சு. 2002-ல பந்தை உடம்பால, கையால மறைச்சு சர்வீஸ் போடறது தடை. 2008-ல, வேகம் கூடறதுக்கு ரப்பருக்கு அடியில தடவற ஸ்பீட் குளூ பசைக்குத் தடை, அந்த வாசனை தெரிஞ்ச சீனியருங்க இன்னிக்கும் அதைப் பத்தி பேசுனா கண்ணு பளபளக்கும். 2014-ல செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து. இப்ப யோசிங்க, 1980-ல ஆரம்பிச்சு இன்னிக்கும் வெட்டரன்ஸ் (சீனியருங்களுக்கான போட்டி) ஆடறவரு இந்த மாற்றம் அத்தனையிலயும் தன் ஆட்டத்தை மாத்தி மாத்தி நின்னுருக்காரு. சார்ட்ல ஒரு பக்கம் ரூல் மாறுன வருஷம், எதிர்ல அந்த வருஷம் நம்ம சார் எங்க இருந்தாரு, இன்னா ஜெயிச்சாருன்னு போடுங்க, ஆளு எவ்ளோ பெரிய ஆளுன்னு யாரும் மைக்ல கத்தத் தேவையில்ல.

சார்ட்டுக்கு மேல இடம் இருந்தா 1952-ஐயும் போட்டுடுங்க. பம்பாய்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஜப்பான்காரர் ஹிரோஜி சாட்டோ ஸ்பான்ஜ் பேட்டோட வந்து ஆம்பளைங்க சிங்கிள்ஸை தட்டிட்டுப் போனாரு, அதுவரைக்கும் டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டு ஆடுனவங்களுக்கு சத்தமே இல்லாம வர்ற பந்தை எப்டி எடுக்கறதுன்னு புரியல. இன்னிக்கு நம்ம கையில இருக்கற பேட்டோட கதை பெருசா திரும்புனது நம்ம நாட்டுலதான், பசங்களுக்கு இது தெரியறதே இல்ல.

ஒரு கறாரான விஷயம். இல்லாததை எழுதாதீங்க. ஸ்டேட் குவார்ட்டர் ஃபைனல் ஆடுனவரை "சர்வதேச வீரர்"னு ஃபிளெக்ஸ்ல போட்டா அவருக்கே அசிங்கமா இருக்கும், கூட ஆடுனவங்க முன் வரிசையில உக்காந்துனு இருப்பாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும். ஸ்டேட் குவார்ட்டர் ஃபைனல்றதே சாதாரண விஷயம் இல்ல, யார்கிட்ட தோத்தாரு, எத்தனை கேம் போச்சுன்னு எழுதுங்க. தோத்த மேட்ச்சை மறைக்கவும் வேணாம். நம்ம இந்திய டிடி ஸ்டார் சரத் கமல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல மூணாவது ரவுண்ட்ல சீனாக்காரர் மா லாங் கிட்ட 1-4னு தோத்தாரு, ஆனா ரெண்டாவது கேமை 11-8னு எடுத்தாரு, மூணாவது 11-13 வரைக்கும் போச்சு, அந்த மா லாங்தான் அப்புறம் தங்கமே ஜெயிச்சாரு. அந்த மேட்ச்சைப் பாத்தவங்க இன்னிக்கும் அந்த ரெண்டு கேமைப் பத்திதான் பேசுவாங்க. சரத்தோட லிஸ்ட்ல பத்து நேஷனல் டைட்டில் இருக்கு, கமலேஷ் மேத்தாவோட எட்டைத் தாண்டுன ரெக்கார்டு, அஞ்சு ஒலிம்பிக்ஸ் இருக்கு, கேல் ரத்னா இருக்கு, அப்பவும் அந்தத் தோல்வி லிஸ்ட்ல ஜம்முனு நிக்கும்.

வாழ்த்து மடல்னு ஒண்ணு அடிப்பாங்க இல்ல, "சிங்கமே, சிகரமே, மேசைப்பந்தின் மன்னவனே"ன்னு, அதுக்கு நான் எதிரி. ஃபிரேம் போட்டுக் குடுக்கற அந்த ஒரு பக்கத்துல அவரோட கேரியரை எழுதுங்க. எந்த வருஷம் எந்த ஹால்ல ஆரம்பிச்சாரு, எந்தக் கையி, பேட்டைப் பிடிக்கிறது எந்த கிரிப், அவரோட பேர் சொல்ற ஷாட் எது, முக்கியமான அஞ்சாறு மேட்ச், யாரோட டபுள்ஸ் ஆடுனாரு, யாரை எல்லாம் கோச் பண்ணாரு. கோச்சா இருந்தவருக்கு அவரோட ஸ்டூடண்ட்ஸ் பேருதான் மெடல், அதை ஃபுல்லா எழுதுங்க, பாதில நிக்குன பசங்க பேரையும் சேர்த்து.

கோச்சுன்னு வந்தா ஒருத்தரைச் சொல்லணும். வி. சந்திரசேகர், சென்னைக்காரர், மூணு தடவை நேஷனல் சாம்பியன், 1982-ல அர்ஜுனா, 1984-ல முழங்கால் ஆபரேஷன் தப்பாப் போயி நடக்க, பேச, பாக்கவே கஷ்டமான நிலைமைக்குப் போயிட்டாரு. அங்க இருந்து மெல்ல எழுந்து வந்து கோச்சாகி அடுத்த தலைமுறையை உருவாக்குனாரு, 2021-ல கொரோனாவுல போயிட்டாரு. நம்ம ஊர்லயும் காயத்தால, குடும்ப பாரத்தால ஆட்டம் பாதியில நின்னவங்க இருக்காங்க, அவங்களுக்கு விழா எடுக்கறப்ப ஆடுன வருஷத்தோட நிறுத்திடாம அப்புறம் பண்ணதையும் சரிபாதி காட்டுங்க. இன்னொன்னு, நல்லா இருக்கறப்பவே விழா எடுங்கப்பா, படத்துக்கு மாலை போடறதுக்கு யாரும் கேட்காமலே ஆளு வரும்.

இப்ப தேதி. நம்ம ஊரு வெயில் உங்களுக்குத் தெரியாததா, மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் தொடாதீங்க. ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா பந்தோட எடை வெறும் 2.7 கிராம், ஃபேன் போட்டா பந்து தானா ஆடும், ஃபேனை நிறுத்துனா சீனியருங்க மயக்கம் போட்டுடுவாங்க. டிசம்பர், ஜனவரிதான் சரி. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு ரத்தினகிரி முருகன் கோயில் பக்கம் வண்டி நகராது, குடியாத்தத்துக்காரங்க வரணும்னா கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்துல வைக்காதீங்க, முகூர்த்த நாள்ல மண்டபமே கிடைக்காது. ஞாயித்துக்கிழமை காலைல பத்தரைக்கு ஆரம்பிச்சா சென்னையில இருந்து ரயில்ல காட்பாடி வந்து இறங்கறவங்களுக்கும் வசதி, வயசானவங்க இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்.

ஹால் எடுக்கறப்ப டிடி டேபிள் போடணும்னு சொல்லியே எடுங்க, ஆமா, டேபிள் இல்லாம டிடி பிளேயருக்கு விழா எடுக்கறது நாதஸ்வரம் இல்லாத கல்யாணம். டேபிள் 2.74 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம்தான், ஆனா ஆடறவங்க பின்னாடி போகணும் இல்ல, பெரிய போட்டிக்கு 14 மீட்டருக்கு 7 மீட்டர் கேட்பாங்க, நமக்கு அவ்ளோ வேணாம், நீளத்துல பத்து பன்னெண்டு மீட்டர் கிடைச்சா தாராளம். மேடை மேல போடாதீங்க, பின்னாடி போயி கீழ விழுந்தா விழா ஆஸ்பத்திரில முடியும், மேடைக்குக் கீழ போட்டு ஜனங்களை சுத்தி உக்கார வைங்க. மண்டபத்துத் தரை மார்பிள், டைல்ஸ்னு வழுக்கும், ரப்பர் மேட்டை எங்கயாவது ஸ்கூல், காலேஜ்ல கேட்டு வாங்கிப் போடுங்க, பூவும் தண்ணியும் அந்தப் பக்கமே வரக்கூடாது. முக்கியமா வெள்ளை ஃபிளெக்ஸை டேபிளுக்கு நேர் பின்னாடி கட்டாதீங்க, வெள்ளைப் பந்து கண்ணுக்கே தெரியாது. சிறப்பு விருந்தினர் வெள்ளை வேட்டி வெள்ளை சட்டையில வந்து முதல் சர்வீஸ் போட்டு தொடங்கி வைக்கிறேன்பாரு, ஃபோட்டோக்கு நல்லா இருக்கும், எதிர்ல நிக்கறவருக்குப் பந்து எங்க இருந்து வருதுன்னே தெரியாது, அது பரவால்ல, அது ஒரு தமாஷ்.

ஆட்டம் எப்டி வைக்கிறதுன்னா, என் யோசனை ஒரே ஒரு கேம் 21 பாயிண்ட்டுக்கு, பழைய மாதிரி ஆளுக்கு அஞ்சு சர்வீஸ். 11 பாயிண்ட்ல வளர்ந்த பசங்க 21 பாயிண்ட் ஆட்டத்தைப் பாத்ததே இல்ல, 8-15ல இருந்து ஒருத்தர் மெதுவா ஏறி வர்றது எப்டி இருக்கும்னு அப்பதான் தெரியும். எதிர்ல பழைய எதிரி யாராவது நின்னா பிரமாதம், "அந்த 92 ஃபைனலுக்கு இன்னிக்கு கணக்கு தீக்கறேன்"னு அவரும் ஜாலியா வருவாரு. ரெண்டாவதா ஒரு மிக்ஸட் டபுள்ஸ், நம்ம சாரும் கிளப்ல ஆடற ஒரு ஸ்கூல் பொண்ணும் ஒரு பக்கம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்ல 40 வயசு சரத்தும் 24 வயசு ஸ்ரீஜா அகுலாவும் சேர்ந்துதான் மிக்ஸட்ல தங்கம் அடிச்சாங்க, அதே கேம்ஸ்ல சரத் சிங்கிள்ஸ் தங்கமும் எடுத்தாரு, 2006 மெல்போர்ன்ல எடுத்த அதே சிங்கிள்ஸ் தங்கத்தைப் பதினாறு வருஷம் கழிச்சு. இதை அனவுன்சர் கையில ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லட்டும்.

சீனியரோட உடம்பை முதல்லயே விசாரிச்சுடுங்க, அவர்கிட்ட கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னுதான் சொல்லுவாரு, வீட்டம்மாகிட்ட கேளுங்க. முழங்கால், ஹார்ட் ஏதாவது இருந்தா மேட்ச்சே வேணாம், சும்மா ஃபோர்ஹேண்ட் ரேலி பத்து நிமிஷம் போதும், ஸ்ட்ரோக் இன்னும் எவ்ளோ சுத்தமா இருக்குன்னு அதுலயே தெரிஞ்சுடும். மேட்ச் ஆடுனா ஆறு பாயிண்ட்டுக்கு ஒரு தடவை டவல் பிரேக் ரூல்லயே இருக்கு, தாராளமா எடுக்கட்டும், சேர் ஒண்ணு தண்ணி ஒண்ணு பக்கத்துலயே இருக்கணும். சின்னப் பசங்க வேணும்னே விட்டுக் குடுத்து ஆடாதீங்கடா, உங்களுக்கு சாமர்த்தியமா தெரியும், அவருக்கு ஒரே பால்ல புரிஞ்சுடும், அது மாதிரி அவமானம் வேற இல்ல. சரத் 2025 மார்ச்ல சென்னை நேரு இண்டோர் ஸ்டேடியத்துல தன்னோட கடைசி டோர்னமெண்ட்ல ஆடுனாரு, ஸ்நேஹித் சுரவஜ்ஜுலான்ற சின்னப் பையன் கிட்ட தோத்துதான் முடிச்சாரு, அவன் ஒண்ணும் விட்டுக் குடுக்கல, முழு ஆட்டம் ஆடுனான், அதுதான் மரியாதை.

பழைய பேட், பந்து, ஷூ, ஜெர்சி எல்லாம் ஒரு டேபிள்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைங்க. பழைய செல்லுலாய்டு பந்து கிடைச்சா அதைக் குத்துவிளக்குப் பக்கத்துல கொண்டு போயிடாதீங்க, அந்தப் பொருள் குப்புனு பத்திக்கும்.

பேச்சு. இதுலதான் விழா கெடும். டிடில டைம்அவுட் ஒரு மேட்ச்சுக்கு ஆளுக்கு ஒண்ணு, அதுவும் ஒரு நிமிஷம்தான், பேசறவங்களுக்கு மூணு டைம்அவுட் டைம் குடுங்க, அதுக்கு மேல போனா அம்பயர் எழுந்து கையால டி காட்டணும்னு முதல்லயே அறிவிச்சுடுங்க, சிரிச்சுனே முடிச்சுப்பாங்க. யாரைப் பேச விடறதுன்னா, அவர்கிட்ட தோத்தவரை, அவரைத் தோக்கடிச்சவரை, மேட்ச்சுக்கு அம்பயரா நின்னவரை, கிளப்ல சாவி வெச்சுனு ராத்திரி வரைக்கும் ஹாலைத் திறந்து வெச்ச வாட்ச்மேன் அண்ணனை. வீட்டு ஆளு ஒருத்தரும் கண்டிப்பா பேசணும். சரத்துக்கு அப்பா ஸ்ரீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும்தான் கோச்சு, இன்னொரு இந்திய வீரர் சத்தியனுக்குப் பின்னாடி முன்னாள் இந்திய வீரர் ராமன் நின்னாரு, அது மாதிரி நம்ம சாருக்குப் பின்னாடியும் ஒருத்தர் இருந்துருப்பாரு, அவரைக் கண்டுபிடிச்சு முன் வரிசையில உக்கார வைங்க. விழா நாயகர் பேச்சை கடைசில தள்ளாதீங்க, மேட்ச் முடிஞ்ச சூட்டோட, வேர்வை காயறதுக்குள்ள மைக்கைக் குடுங்க, நேரக் கட்டுப்பாடு அவருக்கு மட்டும் கிடையாது.

பரிசு விஷயத்துல ஷீல்டு மட்டும் வேணாம், வீட்ல ஏற்கனவே அலமாரி பூரா இருக்கு. நம்ம ஏரியாவுல தோல் வேலைக்கா பஞ்சம், ஆம்பூர்லயோ ராணிப்பேட்டைலயோ பேரணாம்பட்டுலயோ தெரிஞ்சவங்க மூலமா நல்ல லெதர்ல ஒரு பேட் கவர் தைக்கச் சொல்லுங்க, பேரும் ஆட ஆரம்பிச்ச வருஷமும் பொறிச்சு, அதை அவரு தினமும் கையில எடுத்துனு போவாரு. லேடி பிளேயர்னா ஆரணிப் பட்டு. பணம் வசூல் ஆனா அவரு படிச்ச கவர்மெண்ட் ஸ்கூலுக்கு ஒரு டேபிள் வாங்கிக் குடுத்து அதுல அவர் பேரைப் போடலாம், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல்ல டேபிள் போட உள்ளறை இருக்கா, சொல்லிக்குடுக்க ஆளு இருக்கான்னு பாத்துடுங்க, இல்லன்னா ஆறு மாசத்துல அது மேல நோட்டுப் புத்தகம் அடுக்கிடுவாங்க. கணக்கை குரூப்ல போட்டுடுங்க, வரவு செலவு ரெண்டும், இல்லன்னா விழா முடிஞ்சும் பஞ்சாயத்து ஓடும்.

சாப்பாடு பத்தி வேலூர்க்காரனுக்கு நான் சொல்லணுமா, பிரியாணி கத்திரிக்காய் தொக்கு, சைவத்துக்குத் தனி, ஆற்காடு மக்கன் பேடா ஒண்ணு. ஆட்டம் முடிஞ்சப்புறம் மட்டும், முன்னாடி போட்டா ஒருத்தரும் குனிஞ்சு பந்து எடுக்க மாட்டாங்க. சீனியருங்க பாதிப் பேருக்கு சுகர், பேடாவை இலையிலயே வைக்காம கேட்டு வைங்க.

வீடியோ எடுக்கறவர்கிட்ட மேடையை மட்டும் எடுக்காம மேட்ச்சை ஃபுல்லா, டேபிளோட ஒரு முனையில உயரமா கேமரா வெச்சு எடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல இருந்து எடுத்தா தலை இப்டி அப்டி ஆடறதுதான் தெரியும். அதையும் நீங்க ஆரம்பத்துல எடுத்த பேட்டி ரெக்கார்டிங்கையும் சேர்த்து பென்டிரைவ்ல அவர் பசங்ககிட்ட குடுங்க, கிளப்ல ஒரு காப்பி. சர்டிஃபிகேட், பேப்பர் கட்டிங் எல்லாம் ஸ்கேன் பண்றதுக்கு வாங்குறப்பவே ஒரு லிஸ்ட் எழுதிக் கையெழுத்து போட்டு அவர்கிட்ட ஒண்ணு குடுத்துடுங்க, விழா முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே லிஸ்ட்டை வெச்சு ஒவ்வொண்ணா சரிபாத்து ஒரிஜினலைத் திருப்பிக் குடுத்துடுங்க, "நாளைக்குத் தர்றேன் சார்"னு பைக் டேங்க் கவர்ல வெச்சுனு சுத்தாதீங்க.